ஓரம் தெரியாத தோல்

கடைவாய்ப் பல்லுக்கு உறை போட அளவெடுக்கப் போயிருந்தேன். பல் மருத்துவர் ஒரு தகரக் கரண்டியில் இளஞ்சிவப்புக் களியை அள்ளி வாய்க்குள் வைத்து அழுத்தினார். லேசான புதினா வாசனை. ருசி என்று சொல்ல எதுவுமில்லை. "இரண்டு நிமிஷம், அசையாதீங்க சார்" என்றார். குமட்டலை அடக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அப்படியே உருவியெடுத்துக் காட்டினார். பல்வரிசை முழுவதும் குழிகுழியாக அதில் பதிந்திருந்தது. ஈறின் மடிப்பு, சின்ன வயதில் பம்பரம் பட்டு மூளியான முன்பல், எல்லாம். ஐந்து நிமிடத்துக்கு முன் வெறும் பொடியும் தண்ணீருமாக இருந்த ஒன்று என்னை இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திருக்கிறதே என்று இருந்தது.

அந்தப் பொடியின் பெயர் ஆல்ஜினேட். பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இந்தப் பாசி விளைகிறது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துக் கடலோர மக்கள் இதன் வகைகளைக் கட்டக்கோரை என்றும் பக்கோடா பாசி என்றும் சொல்வார்கள். அங்கே காய்ந்து மூட்டையாகிப் போகிற பாசி ஆல்ஜினேட் ஆலைகளுக்கு மூலப்பொருள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பல் மருத்துவர்கள் அளவெடுக்க அகர் என்ற வேறொரு பாசிச் சத்தைப் பயன்படுத்தினார்கள். அது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தது. போர் வந்து சரக்கு நின்றதும் மாற்று தேடியபோது கிடைத்ததுதான் ஆல்ஜினேட்.

திரைக்கும் மேடைக்கும் செயற்கைத் தோல் செய்யக் கற்கும் மாணவர் கையில் முதல் வாரமே வந்து சேர்கிற பொருளும் இதுதான். பல்லுக்கு ஒரு கரண்டி; முகத்துக்கு ஒரு வாளி.

ஒரு முகத்தை அளவெடுப்பது இப்படி. தலைமுடிக்கு மெல்லிய உறை. புருவத்துக்கும் இமை மயிருக்கும் வாசலின். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மேல், நெற்றியிலிருந்து கீழ்நோக்கி, தோசை மாவுப் பதத்தில் ஆல்ஜினேட்டை வழியவிடுவார்கள். மூக்குத் துவாரங்களை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒருவருக்கு அதுதான் வேலை: துவாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது. உட்கார்ந்திருப்பவருக்குக் காதும் பாதி அடைத்துவிடும். பயம் வந்தால் காட்ட ஒரு கை ஜாடையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சில நிமிடங்களில் உள்ளே நடப்பது அழகான வேதியியல். ஆல்ஜினேட் மூலக்கூறு நீண்ட சங்கிலி. சோடியம் உப்பாக இருக்கும்வரை சங்கிலிகள் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும். பொடியிலேயே கொஞ்சம் கால்சியம் சல்பேட்டும் கலந்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் கால்சியம் வெளியே வருகிறது. ஒரு கால்சியம் அயனி இரண்டு சங்கிலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகளின் வளைவுகளில் கால்சியம் உட்காருகிற விதத்தைக் கடையில் முட்டை அடுக்கும் அட்டைக்கு ஒப்பிடுவார்கள் வேதியியலாளர்கள். ஆயிரமாயிரம் அட்டைகள் இப்படி அடுக்கப்பட்டதும் கூழ் கட்டியாகிவிடும். ஆனால் உடனே கட்டிவிட்டால் முகத்தில் பூச நேரமிருக்காதே? அதற்காகப் பொடியில் ஒரு பாஸ்பேட் உப்பும் உண்டு. வருகிற கால்சியத்தை முதலில் அது வாங்கி வைத்துக்கொள்ளும். அது தீரும்வரைதான் நமக்கு அவகாசம். குளிர்ந்த நீரில் கரைத்தால் அவகாசம் கூடும், வெந்நீரில் குறையும்.

கட்டியானதும் மேலே மாவுக்கட்டுத் துணி, எலும்பு முறிவுக்குப் போடுகிறார்களே, அதேதான். ஆல்ஜினேட் தொளதொளவென்று இருப்பதால் தாங்க ஓடு வேண்டும். அதுவும் இறுகிய பிறகு, உள்ளே இருப்பவரை முகத்தைச் சுளிக்கச் சொல்வார்கள். சுளித்தால் விட்டுக்கொடுக்கும். எடுத்த அச்சில் அப்போதே பிளாஸ்டர் கரைசலை ஊற்றியாக வேண்டும். ஆல்ஜினேட்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். காயக் காயச் சுருங்கும். மறுநாள் ஊற்றினால், முகம் கொடுத்து உட்கார்ந்திருந்த நண்பரின் தம்பி முகம்தான் கிடைக்கும்.

இப்போது மேஜைமேல் கண்மூடிய ஒரு பிளாஸ்டர் தலை. இதைப் பார்க்கிற மாணவர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பக்கத்தில் பிளாஸ்டரைத் துடைத்துக்கொண்டு சிரித்துப் பேசுகிற நண்பர். இங்கே அவருடைய அசைவற்ற முகம்.

அந்தத் தலைமேல் களிமண் ஏற்றுவதுதான் அடுத்த கட்டம். கிழவராக்க வேண்டுமா, மூக்கை உடைக்க வேண்டுமா, எதுவானாலும் இங்கேதான் உருவாகிறது. இங்கே கை வேலையைவிடக் கண் வேலை அதிகம். சுருக்கம் எந்தத் திசையில் விழும்? தசை இழுக்கிற திசைக்குக் குறுக்கே. நெற்றித் தசை மேலும் கீழுமாக ஓடுகிறது. அதனால் நெற்றி வரிகள் படுக்கையாக விழுகின்றன. கண்ணைச் சுற்றி வளையமாகத் தசை. அதனால் கடைக்கண் வரிகள் சக்கரத்தின் ஆரக்கால்போல விரிகின்றன. இது தெரியாமல் வெறும் கோடு கீறினால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். தோலின் நுண்துளைகளுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. ஆரஞ்சுப் பழத்தின் தோல்மேல் ரப்பர் பாலைப் பூசிக் காயவைத்து உரித்தால், பழத்தின் குழிகளெல்லாம் அதில் மேடாக வந்திருக்கும். அதைக் களிமண்மேல் வைத்து அழுத்தினால் கன்னத்துக்குத் துளைகள் தயார்.

களிமண் முகம் முடிந்ததும் அதன்மேல் இன்னொரு அச்சு. பிரித்து, களிமண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, இரண்டு அச்சுகளையும் மறுபடி சேர்த்து மூடினால், உள்ளே களிமண் இருந்த இடம் வெற்றிடம். ஒரு பக்கம் நடிகரின் சொந்த முகம், மறுபக்கம் கதாபாத்திரத்தின் முகம். நடுவில் இருக்கிற இடைவெளிதான் செயற்கைத் தோல். கொழுக்கட்டை அச்சில் மாவு படிகிற மாதிரி அந்த இடைவெளியில் எதை ஊற்றினாலும், உட்புறம் நடிகருக்கு அப்பிப் பொருந்தும். வெளிப்புறம் வேறொருவராகத் தெரியும்.

கொழுக்கட்டைக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. மூக்கின்மேல் ஒரு அங்குலத் தடிமனில் இருக்கும் தோல், கன்னத்தை நெருங்க நெருங்க மெலிந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் கரைய வேண்டும். செயற்கைத் தோல் முடிந்து சொந்தத் தோல் தொடங்கும் அந்த ஓரம் தெரியக் கூடாது. இந்தப் படிப்பின் முக்கால்வாசிக் கஷ்டம் அந்த ஓரத்தில்தான். அருமையான சிற்பமாக இருக்கலாம், நிறம் பிரமாதமாக இருக்கலாம். தாடையோரம் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றால் அத்தனையும் முகமூடியாகிவிடும்.

நம் கண் ஓரங்களை அவ்வளவு கறாராகப் பார்ப்பதற்குக் காரணம் விழித்திரையிலேயே இருக்கிறது. ஒளிபட்ட நரம்புச் செல், தான் சேதி அனுப்புவதோடு நில்லாமல் பக்கத்துச் செல்களின் சேதியை அமுக்கியும் விடுகிறது. சமமான பரப்பில் எல்லோரும் எல்லோரையும் சமமாக அமுக்குவதால் ஒன்றும் தெரியாது. வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற கோட்டில் மட்டும் கணக்கு தவறும்: வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாகவும், நிழல் பக்கம் இன்னும் கறுப்பாகவும் மூளைக்குப் போய்ச் சேரும். இதை ஹார்ட்லைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி குதிரைலாட நண்டின் கண்ணில் கண்டறிந்தார்; 1967இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஒப்பனைக் கலைஞர் மோதுவது இந்த ஏற்பாட்டோடுதான்.

ஓரத்தின் பிரச்சினை சினிமாவுக்கு முன்பே மருத்துவத்தில் வந்துவிட்டது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்கு மேலே தலை தூக்கியவர்களின் முகம் சிதைந்தது. மூக்கும் தாடையும் இல்லாமல் உயிரோடு திரும்பியவர்களுக்காக லண்டனில் பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் என்ற சிற்பி மருத்துவமனை ஒன்றில் முகமூடிக் கூடம் நடத்தினார். சிப்பாய்கள் அதைத் தகர மூக்குக் கடை என்று கேலியாகச் சொன்னார்கள். அவர் வழியைக் கேட்டறிந்த அமெரிக்கச் சிற்பி அன்னா கோல்மன் லாட், பாரிசில் அதேபோல ஒன்றைத் தொடங்கினார். முகத்தை அச்செடுத்து, பழைய புகைப்படத்தைப் பார்த்து இழந்த பாகத்தைச் செதுக்கி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் செம்புத் தகட்டில் முகமூடி. அதைச் சிப்பாய் மாட்டிக்கொண்டிருக்கும்போதே லாட் வண்ணம் தீட்டுவார். மேகமூட்டமான நாளில் தோல் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். இரண்டுக்கும் நடுவான நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். மழித்த கன்னத்தின் நீலச் சாயலைக்கூட விடவில்லை. ஓரத்தை என்ன செய்வது? மூக்குக்கண்ணாடியின் சட்டத்தாலும் மீசையாலும் மறைத்தார்கள். முகமூடி காதில் நிற்பதற்கும் அந்தக் கண்ணாடிதான் கொக்கி. ஆனாலும் செம்பு சிரிக்காது. ஆள் முதுமையடைய, அது அப்படியே இருக்கும்.

மருத்துவத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் இருந்த வழி பிறகும் அடைபடவில்லை. 1968இல் வந்த 'பிளானட் ஆஃப் த ஏப்ஸ்' படத்துக்குக் குரங்கு முகங்கள் செய்து கௌரவ ஆஸ்கர் பெற்ற ஜான் சேம்பர்ஸ், முன்பு போரில் காயம்பட்டவர்களுக்குச் செயற்கை உறுப்புகள் செய்தவர்.

சினிமாவின் ஆரம்பகால ஆட்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். நடிகர் லான் சானி தன் ஒப்பனையைத் தானே செய்துகொள்வார். 1931இல் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதத்தை உருவாக்கிய ஜாக் பியர்ஸ், போரிஸ் கார்லாஃப் தலையில் பஞ்சையும் கொலோடியன் என்ற திரவத்தையும் அடுக்கடுக்காகப் பூசித்தான் அந்தச் சதுர மண்டையைக் கட்டினார். தினமும் முதலிலிருந்து. 1939இல் வெளிவந்த 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் தகர மனிதனாக நடிக்க வந்த படி எப்சன், முகத்தில் பூசிய அலுமினியப் பொடியை மூச்சில் இழுத்து மருத்துவமனையில் சேர நேர்ந்தது. அவருக்குப் பதில் வந்தவருக்குப் பொடிக்குப் பதில் பசையாகக் குழைத்துப் பூசினார்கள். இந்தத் தொழிலில் வேதியியல் படிக்காமல் தப்பிக்க முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த பழைய சாட்சி எப்சன்தான்.

அதே படத்தில்தான் நுரை ரப்பர் பெரிய அளவில் முகத்துக்கு வந்தது. அதன் பிறப்பு 1929இல், இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வகத்தில். இ. ஏ. மர்ஃபி என்பவர் கேக் மாவு அடிக்கும் இயந்திரத்தில் ரப்பர் பாலை ஊற்றி நுரைக்க அடித்தார். மெத்தைக்காகக் கண்டுபிடித்தது, முகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் நுரை ரப்பர் செய்பவர்களின் மேஜையில் கேக் மிக்சர்தான் நிற்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம், விடிவதற்குள் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவர்களுக்கு ரப்பர் பாலின் குணம் பாடமாகத் தெரியும். சும்மா வைத்தால் திரியும். ஃபார்மிக் அமிலம் விட்டால் கட்டியாகும். கட்டாமல் வைத்திருக்க அம்மோனியா வேண்டும். மரத்திலிருந்து வரும்போது பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை 60 சதவீதமாகச் செறிவாக்கி, அம்மோனியா கலந்து விற்கிறார்கள். ஒப்பனைக் கூடத்துக்கு வருவது அதுதான்.

அதில் சோப்புக் கரைசல், கந்தகம், துத்தநாக ஆக்சைடு சேர்த்து மிக்சரில் அடிக்க வேண்டும். முதலில் வேகமாக, பால் நாலைந்து மடங்கு பொங்கிவிடும். பிறகு வெகு மெதுவாக. வேகத்தைக் குறைப்பது பெரிய குமிழிகளை உடைத்துச் சின்னதாக்கவும், அம்மோனியாவைப் பறக்கவிடவும். கடைசியில் சோடியம் சிலிக்கோஃபுளோரைடு என்ற உப்பைச் சேர்ப்பார்கள். அது தண்ணீரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தை உண்டாக்கும். தோட்டத்தில் ஃபார்மிக் அமிலம் ஒரே அடியாகச் செய்வதை இது நிதானமாகச் செய்யும். அந்த நிதானத்துக்குள் நுரையை அச்சில் நிரப்பிவிட வேண்டும். சீக்கிரம் கட்டினால் கிண்ணத்திலேயே பஞ்சாகிவிடும். தாமதித்தால் குமிழிகள் உடைந்து நுரை அமுங்கிவிடும். அறையின் வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் கணக்கு முழுவதும் மாறும். அதனால் நுரை அடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் நேரம், வெப்பம், ஈரப்பதம் என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். நேற்று சரியாக வந்தது இன்று ஏன் வரவில்லை என்று அந்த நோட்டைத்தான் கேட்க வேண்டும். கட்டிய நுரையை அச்சோடு அடுப்பில் வைத்து, 85 டிகிரி அளவில் பல மணி நேரம் வேகவிட்டால் கந்தகம் ரப்பர் சங்கிலிகளுக்கிடையே பாலம் போடுகிறது. டயருக்கு நடப்பதுதான் இங்கே மூக்குக்கும் நடக்கிறது.

இப்போது டிக் ஸ்மித். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பல் மருத்துவராகும் நினைப்போடு போன பையன். (என் வாயில் களி திணித்தவரின் ஜாதி.) அங்கே புத்தகக் கடையில் நாடக ஒப்பனை பற்றி ஒரு நூல் கண்ணில் பட்டு, கல்லூரி நாடகக் குழுவுக்கு அரிதாரம் பூசத் தொடங்கி, திசை மாறிவிட்டார். 1945இல் என்பிசி தொலைக்காட்சியில் ஒப்பனையாளர். எல்லாம் நேரலை காலம். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் நடிகருக்கு இருபது வயது கூட வேண்டும், கையில் சில நிமிடங்கள்.

1970இல் வந்த 'லிட்டில் பிக் மேன்' படத்துக்காக முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த டஸ்டின் ஹாஃப்மனை 121 வயதுக் கிழவராக்கினார். அதுவரை முகம் முழுவதற்கும் ஒரே நுரைத் துண்டு என்பதே பெரும்பாலும் வழக்கம். ஒரே துண்டாக இருந்தால் வாய் அசையும்போது நெற்றியும் இழுபடும். ஸ்மித் முகத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஓடு வேய்வதுபோல ஒன்றன் ஓரத்தை இன்னொன்று மூடும்படி ஒட்டினார். கண்ணிமைக்குத் தனித் துண்டு. கிழவர் கண் சிமிட்டுவார். துண்டு கூடினால் ஓரமும் கூடுமே, ஓரம்தானே எதிரி? அப்படித்தான் தொழிலில் இருந்த பெரியவர்களும் நினைத்தார்கள். ஸ்மித் கணக்கு வேறு: ஓரங்கள் சுருக்கத்தின் பள்ளத்தில் விழட்டும், அசைகிற இடம் தனியாக அசையட்டும். இன்று எல்லோரும் செய்வது அவர் முறையைத்தான்.

அவர் செய்த இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. அந்தக் காலத்து ஒப்பனைக் கலைஞர்கள் தங்கள் கலவையை, பசையை, உபாயத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். மகனுக்குச் சொன்னால் உண்டு. ஸ்மித் கேட்டவருக்கெல்லாம் சொன்னார். கடிதம் எழுதினால் பதில் எழுதினார், நுணுக்கமாக, பக்கம் பக்கமாக. 1965இல் சிறுவர்களுக்காக வீட்டிலேயே பூதமாக மாறுவது எப்படி என்று ஒரு கையேடு போட்டார். பின்னாளில் தன் வித்தை முழுவதையும் தபால் வழிப் பாடமாக்கினார். பதினெட்டு வயதில் அவரைத் தேடி வந்த ரிக் பேக்கர் என்ற பையனுக்கு வீட்டுக் கீழறையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். 1981ஆம் வருடப் படங்களிலிருந்து ஒப்பனைக்கென்று நிரந்தர ஆஸ்கர் ஏற்பட்டபோது, முதல் பரிசு அந்த ரிக் பேக்கருக்குத்தான் போனது.

அந்த விருது ஏற்பட்டதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1980இல் 'த எலிஃபன்ட் மேன்' வந்தது. உடல் உருக்குலைந்த ஜோசஃப் மெரிக் என்பவர் வாழ்க்கை. லண்டன் மருத்துவமனையில் பாதுகாத்து வைத்திருந்த மெரிக்கின் உடல் வார்ப்பை நேரில் பார்த்து கிறிஸ்டோபர் டக்கர் செய்த ஒப்பனை அது. அதற்குக் கௌரவிப்பு எதுவும் இல்லை என்றதும் திரையுலகில் எழுந்த அதிருப்திதான் அடுத்த வருடமே தனிப் பிரிவைக் கொண்டு வந்தது. இதே டக்கர்தான் 1986இல் லண்டன் மேடையில் 'த ஃபேண்டம் ஆஃப் த ஓபரா'வின் நாயகனுக்கு, வெள்ளை அரைமுகமூடிக்குள் இருக்கும் சிதைந்த முகத்தைச் செய்தார். மேடையில் கேமரா நெருங்கி வராது என்பது வசதி. ஆனால் வெட்டி மறுபடி எடுக்க முடியாது. பாடிக்கொண்டே வியர்க்கிற முகத்தில் கடைசிக் காட்சி வரை பசை நிற்க வேண்டும்.

1985 ஆஸ்கர் இரவில் ஒப்பனைப் பிரிவில் மூன்று படங்கள் போட்டியிட்டன. 'அமேடியஸ்' படத்துக்காக டிக் ஸ்மித்தும் பால் லெப்லாங்கும். 'கிரேஸ்டோக்' படத்துக்காக ரிக் பேக்கரும் பால் எங்கலெனும். '2010' படத்துக்காக மைக்கேல் வெஸ்ட்மோர். குருவுக்கே பரிசு. மூன்றாமவரை நமக்கு வேறு விதத்தில் தெரியும். 'இந்தியன்' தாத்தாவுக்கும் 'அவ்வை சண்முகி' மாமிக்கும் 'தசாவதாரம்' படத்தின் முகங்களுக்கும் கமல்ஹாசனோடு வேலை செய்தவர் அந்த வெஸ்ட்மோர்தான்.

ஸ்மித்தின் கிழவர்களில் எனக்குப் பிடித்தவர் 'த எக்சார்சிஸ்ட்' படத்துப் பாதிரியார். நடித்த மேக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது வயது நாற்பதுகளின் தொடக்கம். பார்த்தவர்கள் பலர் அவர் நிஜமாகவே எழுபதைத் தாண்டியவர் என்று நினைத்தார்கள். பாராட்டு வரவில்லை, ஏனென்றால் ஒப்பனை இருப்பதே தெரியவில்லை. அந்தச் சுருக்கங்களில் ஒரு பகுதிக்குத் துண்டே தேவையில்லை. ஒரு கையால் கண்ணோரத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்பாஞ்சால் ரப்பர் பாலை ஒற்றி, காற்றில் காயவைத்து, பவுடர் போட்டு, விட்டுவிட்டால் போதும். தோல் பழைய அளவுக்குச் சுருங்கும்; அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கூடவே சுருங்க மறுக்கும். இடம் போதாமல் அது மடிந்து மடிந்து வரிகளாகும். திராட்சை உலரும்போது உள்ளே வற்றுகிறது, தோல் வற்றுவதில்லை, அதே கதை. படலம் தடிக்கத் தடிக்க மடிப்பின் அகலமும் கூடும் என்பது இயற்பியல். பூச்சு கூடக் கூட வயதும் கூடும் என்பது ஒப்பனை அறைக் கணக்கு.

ஸ்மித்தே ஒப்பனை செய்த 'த காட்ஃபாதர்' படத்தில் மார்லன் பிராண்டோவின் தொங்கும் தாடைக்கு வெளியே ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு பல் மருத்துவர் செய்த கருவி ஒன்று வாய்க்குள் இருந்தபடி கன்னத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பதற்கு ஓரமே கிடையாது! நியூயார்க்கில் மூவிங் இமேஜ் அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.

வடிவம் சரி, ஓரமும் சரி, இனி நிறம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சின்மேல் விரலை வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். தோல் நிறம் என்று நாம் சொல்வது தோலின் மேல்பரப்பில் இல்லை. முகத்தில் விழும் ஒளியில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் மேலேயே பட்டுத் திரும்புகிறது. மீதி உள்ளே போய், மெலனினையும் இரத்தத்தையும் தாண்டி, இழைகளில் மோதிச் சிதறி, விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் வெளியே வருகிறது. சிவப்பு ஒளி அதிக தூரம் போய் வரும். நீலம் சீக்கிரம் உள்ளேயே அடங்கிவிடும். காது மடலுக்குப் பின்னால் மாலை வெயில் விழும்போது தெரியும் சிவப்பு இதனால்தான். இந்தக் கணக்கை 2001இல் ஜென்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கணினியில் போட வழி கண்டுபிடித்த பிறகுதான் கிராஃபிக்ஸ் மனிதர்களின் முகம் பிளாஸ்டிக்போல இருப்பது குறைந்தது. அவர்களுக்கும் ஆஸ்கர் அகாதெமி தொழில்நுட்ப விருது கொடுத்தது.

நுரை ரப்பர் ஒளியை உள்ளே விடாது. சுவர் மாதிரி. சுவருக்கு அடிப்பதுபோல ஒரே நிறம் அடித்தால் செத்த முகம்தான் வரும். அதனால் சிவப்பு, மஞ்சள், பழுப்பு, ஆலிவ் பச்சை என்று புள்ளி புள்ளியாக, ஒன்றின்மேல் ஒன்று முழுதாக மூடாமல், குட்டையாக வெட்டிய பிரஷைச் சுண்டித் தெறிக்கிறார்கள். ஆழத்தில் நடக்க வேண்டியதை மேலே புள்ளிகளாகப் பரப்பி வைக்கிற வித்தை. எந்த எண்ணெயில் குழைத்த வண்ணம் என்பதும் முக்கியம். பெட்ரோலிய எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்ப வைத்துவிடும். விளக்கெண்ணெய் அப்படிச் செய்யாது. அதனால் ரப்பர் முகத்துக்கென்று விளக்கெண்ணெயில் குழைத்த வண்ணம் தனியாக வந்தது. பாட்டி வயிற்றுக்குக் கொடுத்த அதே எண்ணெய்தான். பிறகு ஸ்மித், ஒட்டும் பசையோடு அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து 'பாக்ஸ்' என்று ஒன்றைச் செய்தார். தோலோடு நீளும், தேய்த்தாலும் போகாது.

சிலிக்கோன் வந்ததும் சுவர் ஜன்னலாகியது. அது ஒளியை உள்ளே விடும். நிறத்தை மேலே பூசுவதைவிட உள்ளேயே கலக்கலாம். இரத்த நாளத்துக்குப் பொடியாக நறுக்கிய சிவப்பு, நீல ரேயான் இழைகளைத் தூவலாம். நிஜத் தசைபோலக் கனமாக அசையும். ஓரத்துக்கும் புது வழி: சிலிக்கோனைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், ஒட்டிய பிறகு அதன் விளிம்பை ஸ்பிரிட்டால் தொட்டால் அது கரைந்து தோலோடு படிந்துவிடும்.

இதற்கும் ஒரு பரம விரோதி உண்டு. தரமான சிலிக்கோன் இறுகுவது பிளாட்டினம் வினையூக்கியால். மிகச் சொற்ப அளவு பிளாட்டினம்தான் அதில் இருக்கும். கந்தகத்தைக் கண்டால் அந்தப் பிளாட்டினம் அதோடு போய் ஒட்டிக்கொண்டு வேலையை மறந்துவிடும். சில வகைக் களிமண்ணில் கந்தகம் இருக்கிறது. ரப்பர் கையுறையிலும் இருக்கிறது. நுரை ரப்பருக்கு உயிர் கொடுத்த அதே கந்தகம். தெரியாமல் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு சிலிக்கோனைக் கலக்கிய மாணவர், மறுநாள் அச்சைத் திறந்து பிசுபிசுவென்று இறுகாத குழம்பைப் பார்ப்பார். ஒரு வாரச் சிற்பம் அதோடு போகும். இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படித்தவர்களைவிடக் கையில் வாங்கியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இன்று இதற்கு முறையான படிப்பு இருக்கிறது. லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷனில் பட்டப்படிப்பாகவே உண்டு. ஆனால் தபாலில் படித்தவர்களில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் கியோட்டோவில் கசுஹிரோ சுஜி என்ற பையன், ஓர் அமெரிக்கத் திகில் பட இதழில் டிக் ஸ்மித் ஒரு நடிகரை ஆபிரகாம் லிங்கனாக மாற்றிய படங்களைப் பார்த்தான். தன் முகத்திலேயே லிங்கனைச் செய்து பார்த்துப் புகைப்படம் எடுத்து ஸ்மித்துக்கு அனுப்பினான். இங்கே நன்றாக வந்திருக்கிறது, இங்கே சரியில்லை என்று பதில் வந்தது. கடிதங்கள் தொடர்ந்தன. பிறகு அமெரிக்கா போய் ரிக் பேக்கரிடம் வேலை. 2002இல் ஸ்மித்தின் 80ஆவது பிறந்தநாளுக்கு, அவருடைய தலையை நிஜ அளவைப்போல இரண்டு மடங்கு பெரிதாகச் செய்து கொடுத்தார். சினிமா அலுத்து விலகிச் சிற்பியாகவே இருந்தவரை, சர்ச்சிலாக நடிக்க ஒப்புக்கொள்ளும் முன் கேரி ஓல்ட்மன் தேடிப் பிடித்தார். 'டார்க்கஸ்ட் அவர்' படத்துக்காக 2018இல் ஆஸ்கர். ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்த ஓல்ட்மனின் ஒல்லி முகத்தில் சர்ச்சிலின் கன்னக் கதுப்பு சிலிக்கோனாக அசைந்தது.

படப்பிடிப்பு முடிந்த மாலை இந்த முகங்களுக்கு என்ன ஆகிறது? பிய்த்து எடுக்கக் கூடாது. சொந்தத் தோலும் சேர்ந்து வரும். பசையைக் கரைக்கிற எண்ணெயைப் பிரஷால் தொட்டுத் தொட்டு ஓரத்துக்கு அடியில் விட்டு, விட்ட இடத்திலிருந்து மெல்லத் தூக்க வேண்டும். அவசரப்படாமல் செய்தால் ஒரு மணி நேரம்வரை ஆகும். உள்ளே தேங்கிய வியர்வை வழியும். துண்டு முழுதாகவே வந்தாலும் அந்த ஓரம் கிழிந்திருக்கும், அல்லது ஸ்பிரிட்டில் கரைந்து எப்போதோ இல்லாமல் போயிருக்கும். ஓரம் போன துண்டை மறுபடி ஒட்ட முடியாது. ஐம்பது நாள் படப்பிடிப்பு என்றால் ஒவ்வொரு துண்டிலும் ஐம்பது வேண்டும். நடிகர் முகத்தைக் கழுவிக்கொண்டு காரில் ஏறுகிறார். ஒப்பனை வண்டியின் குப்பைத் தொட்டியில் இன்றைய மூக்கும் கன்னங்களும் கிடக்கின்றன. கூடத்தில் யாரோ ஒருவர் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, நாளைய மூக்கை அடுப்பில் வைக்கிறார்.